வெள்ளை கிரீஸ்

இன்ஸ்பெக்டர் முன்சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டார். அது முக்கால் சுற்று சுற்றி, யாரோ வாலைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிட்டது.

“பாத்துக்குங்க மேடம். ஸ்கேட்போர்டு சக்கரம்னா, சுண்டிவிட்டா நாம ஒரு டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் சுத்தணுமாம். இது சுத்துதா? அந்த ரிப்பேர்காரன் உள்ளே என்னமோ பண்ணி வெச்சிருக்கான். பொண்ணு சரிவுல வேகமா வந்திருக்கா, சக்கரம் பிடிச்சிருச்சு, தூக்கி எறிஞ்சிருச்சு. முடிஞ்சுது கேஸு.”

“எந்த டீ சார்? உங்க ஸ்டேஷன் டீயா, வெளி டீயா?” என்றான் ரேடியோ. “உங்க டீ வர்றதுக்குள்ள மேல சுத்துற ஃபேனே நின்னுடும்.”

ரேடியோ என்பது அவன் பெயரில்லை. வாயை மூடத் தெரியாததால் வந்த பட்டம். அவனுக்குச் சம்பளம் கொடுத்து அவன் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கிற புண்ணியவதிதான் நம் துப்பறிவாளர். முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்தில் அடிபட்ட வண்டிகளையும் எரிந்துபோன தொழிற்சாலைகளையும் பார்த்து மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர். கண்ணாடி அவ்வளவு கனம். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே மேடம்.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. சிரிக்கிற காலையும் இல்லை அது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஒரு தையல்காரி உட்கார்ந்திருந்தாள். லாக்கப்பில் இருக்கும் ரிப்பேர்காரனின் அக்கா. தாயும் தகப்பனும் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். உள்ளே வரும்போது பூதக்கண்ணாடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“மத்தியானம் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம் மேடம். அங்கேயிருந்து ஜெயிலுக்குப் போயிட்டா அப்புறம் அவன் மனுஷனா திரும்ப மாட்டான். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க.”

செத்துப்போன பெண்ணைக் குருவி என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது. ஒடிசலான உடம்பு, ஒரு இடத்தில் நிற்காத கால். ஊருக்கு மேற்கே இருக்கிற செங்குத்தான சரிவு ரோட்டில், தலையில் அடிபட்டுக் கிடந்தாள். பக்கத்தில் இந்த ஸ்கேட்போர்டு. முதலில் விபத்து என்றுதான் எழுதினார்கள். அப்புறம் ஒருவன் வந்து சாட்சி சொன்னான்: அன்று சாயங்காலம் ரிப்பேர் கடையில் அவளுக்கும் ரிப்பேர்காரனுக்கும் பெரிய சண்டை, “போ, போய் விழுந்து சாவு” என்று அவன் கத்தினான், கடை முழுக்கக் கேட்டது. இன்ஸ்பெக்டர் போய் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தார். அது சுற்றவில்லை. அவன் கையில் விலங்கு.

பூதக்கண்ணாடி லாக்கப் கம்பிக்கு அந்தப்பக்கம் அவனிடம் பேசிவிட்டுத்தான் வந்திருந்தார். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

“அப்படிச் சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன் மேடம். அந்தச் சரிவுல இறங்காதேன்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். ரேஸுக்குப் பழகணும், நீ யாரு தடுக்கன்னா. கோபத்துல வாய் தவறிருச்சு. அதுதான் அவகிட்ட நான் கடைசியா பேசினது. எனக்குத் தண்டனை குடுக்கணும்னா அதுக்குக் குடுக்கட்டும்.”

“சக்கரத்துல என்ன பண்ணினே?”

“சக்கரத்துக்குள்ள இருக்கிற பேரிங்கைக் கழட்டிக் கழுவினேன். வேற ஒண்ணும் பண்ணல. பெயின்ட் தின்னர்ல போட்டு அலசி, பழைய அழுக்கு, மண்ணு எல்லாம் போனதும் காய வெச்சு, துணியில முடிஞ்சு குடுத்தேன். பேரிங் மூடியெல்லாம் தனியா. நான் மாட்டல. எண்ணெய்கூடப் போடல.”

“ஏன் போடல?”

அவன் ஒரு மாதிரி பார்த்தான். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. “எண்ணெய் ஓட்டுறவங்கதான் மேடம் போடுவாங்க. எங்க ஸ்கேட்போர்டு ஆளுங்க எல்லாருமே அப்படித்தான். கழுவ மத்தவன் கை, எண்ணெய்க்குத் தன் கை. ஒரு பேரிங்குக்கு ஒரு சொட்டு. மெல்லிசான எண்ணெய். அதுக்கு மேல போட்டா மண்ணைப் பிடிச்சு இழுக்கும், வேகம் போயிடும். குருவி அந்த ஒரு சொட்டை வேற யாரையும் விட விட மாட்டா.”

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னதற்கு அவர் கொட்டாவி விட்டார். “எல்லாத் திருடனும் எண்ணெய் போடலைன்னுதான் மேடம் சொல்லுவான்.”

பூதக்கண்ணாடி மேஜையில் கிடந்த போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “முன்சக்கரத்தைச் சுண்டினீங்க. பின்சக்கரத்தைத் தொட்டீங்களா?”

“எதுக்குத் தொடணும்? ஒரு சோறு பதம் போதாதா? எடுத்த இடத்துலேர்ந்து பையில போட்டு, அலுங்காம கொண்டு வந்து வெச்சிருக்கோம்.”

“தப்பிச்சோம் மேடம்,” என்றான் ரேடியோ. “இன்னிக்குத்தான் சாருடைய சோம்பேறித்தனத்துக்கு ஒரு விருது குடுக்கணும்.”

“உன்னைத் தூக்கி உள்ளே போட்டா எனக்கு விருது கிடைக்கும்டா.”

“ஸ்பேனர்,” என்றார் பூதக்கண்ணாடி, இரண்டு பேரையும் பார்க்காமல்.

ரிப்பேர்காரனின் அக்கா கொடுத்தனுப்பிய ஸ்பேனரை ரேடியோ எடுத்துக் கொடுத்தான். பின்சக்கரத்தின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருட்டாமல் அப்படியே நேராக உருவினார். பிறகு அதை அச்சின் நுனியில் பாதி மட்டும் கோத்து, ஒரு பக்கமாக நெம்பினார். சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு சின்ன இரும்பு வளையம் டொக்கென்று வெளியே வந்து விழுந்தது. மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் பேரிங். ஒரு சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஆக, போர்டுக்கு எட்டு.

“அடேயப்பா, பல்லு பிடுங்குற மாதிரி இருக்கு,” என்றான் ரேடியோ. “வலிச்சா சொல்லச் சொல்லுங்க.”

பூதக்கண்ணாடி ஒரு குண்டூசியை எடுத்து, பேரிங்கின் ஓரத்தில் கொடுத்து, மெல்லிய ரப்பர் மூடியை நெம்பினார். மூடி கழன்றது. மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

உள்ளே குண்டுகளே தெரியவில்லை. வழவழவென்று வெள்ளையாக ஏதோ நிரம்பியிருந்தது.

“கேக் மேல தடவுற க்ரீம் மாதிரி இருக்கே!”

“நக்கிப் பாத்துடாதே. கிரீஸ்.” பூதக்கண்ணாடி மூக்கருகே கொண்டுபோனார். ஒருமுறை, இரண்டுமுறை முகர்ந்தார். “சார், இது சக்கரத்தை மெதுவாக்கும். அவ்வளவுதான். மெதுவா போற சக்கரம் யாரையும் தூக்கி எறியாது. கெட்டியான கிரீஸ் வெச்சா, சரிவுல அவ பத்திரமாதான் இறங்கியிருப்பா.”

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது.

“இன்னொண்ணு. இந்தப் பக்கமா வெளிச்சத்துல பாருங்க. என்ன தெரியுது?”

“ஏதோ கோடு மாதிரி...”

“கட்டை விரலால கிரீஸை வழிச்சு உள்ளே அழுத்தியிருக்காங்க. அழுத்தின தடம் வளையத்தைச் சுத்தி அப்படியே இருக்கு, புதுசா சுண்ணாம்பு பூசின சுவத்துல கை வெச்ச மாதிரி. இந்தச் சக்கரம் அந்தச் சரிவுல பாதி தூரம் உருண்டிருந்தாகூட உள்ளே இருக்கிற குண்டு கிரீஸைக் கலக்கி அடிச்சு, அதிகமா இருக்கிறதை ஓரம் வழியா வெளியே தள்ளியிருக்கும். இங்க ஓரத்துல ஒரு பொட்டு இல்ல. தடம் கலையல.”

“அப்படின்னா?”

“கிரீஸ் வெச்ச பிறகு இந்தச் சக்கரம் உருளவே இல்ல. குருவி இந்தப் போர்டுல ஏறவே இல்ல சார். அவ விழுந்ததுக்கு அப்புறம் யாரோ இதை மாட்டி, கொண்டு வந்து பக்கத்துல வெச்சிருக்காங்க.”

இன்ஸ்பெக்டர் பேரிங்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்த ரிப்பேர்காரனே கொண்டு வந்து வெச்சிருக்கலாமே?” என்றார் இன்ஸ்பெக்டர் கடைசியில். ஆனால் குரலில் முன்பிருந்த சுருதி இல்லை.

“சக்கரத்துல கிரீஸ் வெச்சா அவன் ஆளுங்க அவனைக் கடையிலேயே உதைப்பாங்க. ஒரு சொட்டு எண்ணெய்க்கு மேல போடாத கூட்டம் அது. விபத்து மாதிரி காட்டணும்னா, அவன் எண்ணெய்தான் விட்டிருப்பான். இது வேற கை. பேரிங்கைக் காய்ஞ்சபடி மாட்டுறதே பாவம்னு பழகின கை. அதோட இந்தக் கிரீஸுக்கு வாசனையே இல்ல. வண்டிக்குப் போடுறது மஞ்சளாவோ கறுப்பாவோ இருக்கும், நாறும். இது பால், பிஸ்கட், சாக்லேட்னு திங்குற பொருள் செய்யிற மெஷினுக்குப் போடுறது. தப்பித்தவறிப் பட்டாலும் வயித்துக்குக் கெடுதல் இல்ல. ஒரு சாக்லேட் ஃபேக்டரி எரிஞ்சப்ப டின் டின்னா பாத்திருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். “குருவியோட அப்பா, அம்மா, ரெண்டு பேருமே பிஸ்கட் ஃபேக்டரியிலதான் வேலை பாக்குறாங்க.”

“வீடு?”

“அந்தச் சரிவுக்கு மேலேயே. பின்கதவைத் திறந்தா கல்லுப் படி. படி இறங்கினா ரோடு. அந்த இடத்துலதான்...” அவர் முடிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார். “அப்பனா? பெத்த அப்பனா?”

“எனக்கும் அப்படித்தான் தோணுது,” என்றார் பூதக்கண்ணாடி. “ஆனா தோணுறதை வெச்சு ஒருத்தரை விட்டுட்டு இன்னொருத்தரைப் பிடிக்க முடியாது. கையைப் பேச வைக்கணும். ரேடியோ, வாசல்ல இருக்கிற அக்காகிட்ட கடைச் சாவியை வாங்கு. ஒரு பழைய போர்டு, கழுவிக் காய வெச்ச பேரிங் ஒரு செட்டு. எண்ணெய் படாததா பாத்து எடுத்துட்டு வா.”

“மேடம், இதே மாதிரி ஒருநாள் என் பேச்சையும் தின்னர்ல போட்டு அலசிடுங்க.”

“ஒரு டின் பத்தாது. ஓடு.”

குருவியின் வீடு சின்னது. முன்னறையில் ஒரு சோபா, ஒரு மேஜை, சுவரோரம் அவள் வாங்கிய கோப்பைகள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விட்டுப்போன காலி டம்ளர்கள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக நின்றன. யாரும் எடுத்துக் கழுவவில்லை. தகப்பன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி, பட்டன் மாற்றிப் போட்ட சட்டை. சமையலறையில் தாய் குழாயைத் திறந்துவிட்டு ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பூதக்கண்ணாடியின் கண் நேரே பின்கதவுக்குப் போனது. கதவுக்குப் பக்கத்து ஆணியில் நீல நிற ஃபேக்டரி கோட்டு ஒன்று தொங்கியது. மார்பில் ‘பராமரிப்புப் பிரிவு’ என்று நூலில் தைத்திருந்தது. கீழே அலமாரியில் குட்டையான ஒரு டின். மூடி ஓரத்தில் வெள்ளையாகக் கசிந்து காய்ந்திருந்தது.

ரேடியோவும் பார்த்துவிட்டான். புருவத்தைத் தூக்கினான்.

இன்ஸ்பெக்டர் ஒரு பையை நீட்டினார். “உங்க பொண்ணோட சாமான். ஃபோன், பர்ஸு, வாட்சு. பாத்துக் கையெழுத்துப் போடுங்க.”

தகப்பன் பையைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். “அந்தப் பய ஒத்துக்கிட்டானா சார்?”

“இல்ல. மத்தியானம் கோர்ட்டு.”

“எத்தனை வருஷம் போடுவாங்க?”

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது.

“கோர்ட்டுல இதை மாட்டிக் காட்டணுமாம்,” என்று பூதக்கண்ணாடி மேஜைமேல் பழைய போர்டையும், சக்கரங்களையும், துணியில் முடிந்த பேரிங்குகளையும் பரப்பினார். “எங்க மூணு பேருக்கும் கை வரல. நீங்க ஒரு தடவை மாட்டிக் காட்டுறீங்களா?”

“எங்க மேடத்துக்குக் கார் டயரே மாத்தத் தெரியாது சார்,” என்று ரேடியோ ஒத்து ஊதினான். “போன மாசம் பஞ்சரானப்ப மூணு சக்கரத்துலயே ஓட்டலாமான்னு கேட்டாங்க.”

தகப்பன் மறுப்பேதும் சொல்லாமல் குனிந்தார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் செய்துவிடுவார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஒரு பேரிங்கை எடுத்தார். சக்கரத்தின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். பேரிங் கோணலாகச் சிக்கிக்கொண்டது. உள்ளங்கையால் குத்தினார். இன்னும் கோணியது. மேஜை முனையில் வைத்து இடித்தார்.

வறண்ட பேரிங்கை அப்படியே மாட்டுகிறார். டின் பக்கம் அவர் கண்கூடப் போகவில்லை.

பூதக்கண்ணாடி போட்ட கணக்கு தப்பியது. ஆணியில் தொங்கிய கோட்டை மறுபடி பார்த்தார். தோள் குறுகல். இந்த ஆளுடைய தோளுக்கு அது பத்தாது.

“என்ன பண்றீங்க நீங்க?”

தாய் சமையலறை வாசலில் நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“இவங்க மாட்டித் தரச் சொன்னாங்க...”

“இப்படி இடிச்சா உள்ளே வளையம் போயிடும். குண்டெல்லாம் நசுங்கிடும். குடுங்க இங்க.” அவள் வந்து அவர் கையிலிருந்து சக்கரத்தைப் பிடுங்கினாள். அச்சில் கோத்து ஒரே நெம்பு. கோணிய பேரிங் கையில் வந்து விழுந்தது. விரலால் சுற்றிப் பார்த்தாள். அது சரசரவென்று கத்தியது. அவள் முகம் சுளித்தது. “ஐயோ, எலும்பா காய்ஞ்சு கிடக்கு. இதை யாராவது இப்படியே போடுவாங்களா?”

அவள் அலமாரிக்குப் போனாள். டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து, கட்டை விரலால் வெள்ளையாக ஒரு விழுது எடுத்து, குண்டுகளுக்கு நடுவே வைத்து, வளையத்தைச் சுற்றி ஒரே சீராக வழித்தாள். துணியிலிருந்து மூடியைத் தேடி எடுத்து ‘டப்’பென்று அழுத்தினாள். அடுத்தது. அதற்கும் விழுது, வழிப்பு, மூடி. விரல்கள் மட்டும் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவதை வழித்துக்கொண்டிருக்கும்போது அவள் கை நின்றது.

தன் கட்டை விரலைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது. பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு இன்ஸ்பெக்டரை.

“இதுக்குத்தான் வந்தீங்களா?”

“ஃபேக்டரியில மெஷின் பராமரிப்பு நீங்களா?” என்றார் பூதக்கண்ணாடி.

“இருபது வருஷமா. இவர் கிடங்குல அட்டைப்பெட்டி எண்ணுறவர்.”

“நான் இவரைத்தான் நினைச்சேன். அந்தக் கோட்டைப் பாத்தும் இவரைத்தான் நினைச்சேன்.” பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல்ல கண்ணாடியைத்தான் மாத்தணும்.”

தகப்பன் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன? என்ன சொல்றாங்க இவங்க?”

தாய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அழுகையெல்லாம் எப்போதோ வற்றியிருக்க வேண்டும்.

“அன்னிக்கு இவர் வேலைக்குப் போயிருந்தார். இந்த மேஜையிலதான் அவ எல்லாத்தையும் பரப்பி வெச்சிருந்தா. எண்ணெய் பாட்டிலைத் தேடிட்டிருந்தா. அந்தச் சரிவுல இறங்கப் போறேன்னு சொன்னா. வெறும் பலகையைத் தூக்கிட்டுப் பின்கதவுக்குப் போனேன், எங்கேயாவது வீசிடலாம்னு. பின்னாடியே வந்து பிடிச்சுக்கிட்டா. படி மேல நின்னு ரெண்டு பேரும் இழுத்தோம். விடும்மா, விடும்மான்னா. எனக்கு ஆத்திரம். சரி, போய்த் தொலைன்னு விட்டேன்.”

அவள் கையை விரித்துக் காட்டினாள்.

“விடத்தான் செஞ்சேன். அவ பின்னால போயிட்டா. ஒரு படிகூட மிச்சம் இல்லாம கீழ வரைக்கும்.”

“அப்போ அது விபத்துதானேம்மா!” இன்ஸ்பெக்டர் தன்னையறியாமல் சொன்னார். “அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணியிருந்தா...”

“ஃபோனைக் கையில எடுத்தேன் சார். என்ன சொல்றது? அம்மா தள்ளிவிட்டான்னுதானே சொல்லுவாங்க? நாங்க சண்டை போடுறது இந்தத் தெருவுக்கே தெரியும். போர்டுல போய் விழுந்தான்னு இருந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. முதல்ல சக்கரத்தை மாட்டிப் பக்கத்துல வெச்சிடுவோம், வெச்சிட்டு உடனே கூப்பிடுவோம்னு நினைச்சேன். நாலு சக்கரம்தானே, என் கைக்கு அது ஒரு வேலையா?”

“அப்போ அவளுக்கு...” பூதக்கண்ணாடி நிறுத்தினார்.

“மூச்சு இருந்துச்சு,” என்றாள் தாய். “நான் பாத்தேன். அம்மான்னுகூடக் கூப்பிட்டா.”

தகப்பன் மடியிலிருந்த பை கீழே விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

“பேரிங்கை எடுத்தேன். எலும்பா கிடந்துச்சு, இந்தா, இதே மாதிரி. அப்படியே சொருகியிருந்தா ஒரு நிமிஷம். கை வரல சார். கை வரவே இல்ல. டின்னை எடுத்தேன். ஒவ்வொண்ணா கிரீஸ் வெச்சு, வழிச்சு, மூடி போட்டு, துடைச்சு. எட்டுக்கும். நட்டைக்கூட ரொம்ப இறுக்கக் கூடாதுன்னு அளவு பாத்து முடுக்கினேன். என்ன பண்றோம்னே தெரியல. எல்லாத்தையும் முடிச்சுத் தூக்கிட்டுக் கீழ இறங்கிப் போனேன்.”

அவள் விரலிலிருந்த கிரீஸை மேஜை ஓரத்தில் துடைக்கப் பார்த்தாள். அது இன்னும் பரவியதே தவிரப் போகவில்லை.

“அப்போ மூச்சு இல்ல,” என்றாள்.

ஓயாமல் வாயடிக்கும் ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பி, காலி டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். எதற்கென்று அவனுக்கே தெரிந்திருக்காது.

“அந்தத் தம்பியைப் பிடிச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் சொல்லிடணும்னுதான் இருந்தேன்,” என்று அவள் பூதக்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். “நேத்து ஸ்டேஷன் வாசல் வரைக்கும் வந்தேன். அவன் அக்கா பெஞ்சுல உக்காந்திருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து வந்து, என் தம்பி உங்க பொண்ணைக் கொல்லலம்மா, நீங்களாவது நம்புங்கன்னு கையைப் பிடிச்சா. நம்புறேன்னு ஒரு வார்த்தை வரல எனக்கு. திரும்பி வந்துட்டேன்.”

“இப்ப வந்து சொல்றீங்களா?”

“சொல்றேன். மத்தியானத்துக்குள்ள சொல்லணுமில்ல?” அவள் எழுந்தாள்.

தகப்பன் குறுக்கே வந்து நின்றார். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“சார். நான்தான் தள்ளினேன்னு எழுதிக்குங்க. அவளை விட்டுடுங்க. நான்தான் தள்ளினேன், நான்தான் மாட்டினேன். எங்கே வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். ஒருத்தி போயிட்டா சார், இவளும் போயிட்டா நான்...”

தாய் அவர் கையை இன்ஸ்பெக்டரின் சட்டையிலிருந்து விடுவித்தாள். மாற்றிப் போட்டிருந்த பட்டன்களைக் கழற்றி, ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டுவிட்டாள். வெள்ளைக் கிரீஸ் அவர் சட்டையெல்லாம் ஒட்டியது.

“ஒரு பேரிங்கை நேரா மாட்டத் தெரியல உங்களுக்கு,” என்றாள். “யார் நம்புவாங்க?”

அவள் முன்வாசல் வழியாக முதல் ஆளாக வெளியே போனாள். இன்ஸ்பெக்டர் பின்னாலேயே நடந்துகொண்டு ஸ்டேஷனுக்கு ஃபோன் போட்டார். “அந்த ரிப்பேர்காரனை வெளியே விடு. ஆமா, இப்பவே. நான் வந்து எழுதிக்கறேன்.”

ஜீப் கிளம்புவதற்குள் ரேடியோவின் ஃபோன் அடித்தது. தையல்காரி. அழுகையும் சிரிப்புமாக அவள் கத்தியது பக்கத்தில் நின்ற பூதக்கண்ணாடிக்கும் கேட்டது.

“விட்டுட்டாங்க தம்பி! என் பக்கத்துல நிக்கிறான்! நீங்களும் மேடமும் நல்லா இருக்கணும். சொல்லுங்க, கண்டுபிடிச்சிட்டீங்கதானே? யாரு அந்தப் பாவி? என் தம்பி மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தானே, அவன் நல்லா இருப்பானா? யாருன்னு சொல்லுங்க!”

ஜீப்பின் பின்சீட்டில் குருவியின் தாய் நேராக உட்கார்ந்திருந்தாள். எதிலும் படாமல் இரண்டு கையையும் மடிக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள்.

“அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா,” என்றான் ரேடியோ. “முதல்ல ஏதாவது சாப்பிடக் குடுங்க. மத்ததை நான் நேர்ல வந்து சொல்றேன்.”